ஹெல்த் சைக்காலஜி எடுத்துப் படிக்கலாமா? படித்தவர்கள், மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் வழிகாட்டுங்கள்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் மனநோய்களைப் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜி என்கிறார்கள், மீதிப் பேர் எச்.ஆர். பக்கம் போகப் போகிறார்கள். எனக்கு மனசு போவது ஹெல்த் சைக்காலஜி மேல்தான்.

காரணம் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பணச் செலவு இல்லை, அலைச்சல் இல்லை. அப்படியிருந்தும் உடம்பு நன்றாக இருக்கிற நாளில் மாத்திரையைத் தொட மாட்டார். தலை சுற்றினால்தான் டப்பாவைத் தேடுவார். படித்தவர், யார் சொன்னாலும் கேட்காத ஆளும் இல்லை. பிறகு ஏன்? எங்கள் பாடத்தில் ஒரே ஒரு அலகாக உடல்நல உளவியல் வந்தபோது, இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது என்று தெரிந்தது. அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

என் சந்தேகங்கள்: இதை முதுகலையில் எங்கே படிக்கலாம்? படித்தால் மருத்துவமனையில் வேலை கிடைக்குமா, இல்லை கிளினிக்கல் முடித்தவர்களைத்தான் எடுப்பார்களா? வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் இங்கே மதிப்பு உண்டா? புள்ளியியல் எனக்குச் சுமாராகத்தான் வரும், அது தடையாகுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

பாடவேளை எழுதியது:

கமலி என்று உன் கையெழுத்து வரியில் பார்த்தேன், அதனால் பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். கோவையில் ஒரு கல்லூரியில் நீண்ட காலம் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான்.

முதலில் அந்தத் துறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வேலை, சம்பளம் எல்லாம் அப்புறம்.

1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக அனுப்பியது. இலவசம்தான். ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோஸன்ஸ்டாக் போன்ற உளவியலாளர்கள் விசாரிக்கப் போனதில் பிறந்ததுதான் நீ பாடத்தில் படித்திருக்கும் ஹெல்த் பிலீஃப் மாடல். எனக்கு இந்த நோய் வர வாய்ப்பிருக்கிறதா, வந்தால் எவ்வளவு மோசம், செய்யச் சொல்வதால் பலன் உண்டா, அதற்கு நான் என்ன இழக்க வேண்டும் என்று மனிதர்கள் உள்ளுக்குள் போடும் கணக்கைத்தான் அது வரிசைப்படுத்தியது.

அதே காலத்தில் நம் சென்னையிலும் இதே கேள்வி எழுந்தது. இதைப் பாடத்தில் சேர்க்காமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம். 1956-ல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பதும், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தருகின்றன என்று 1959-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத ஏழை வீடுகளில்கூட நோய் குணமானது. உலகமே சானடோரியங்களைக் கைவிட அது ஒரு பெரிய காரணம். ஆனால் வீட்டுக்கு அனுப்பியவுடனே அடுத்த பிரச்சினை வந்தது: கொடுத்த மாத்திரையை அவர் சாப்பிடுகிறாரா? சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். கண்ணெதிரிலேயே மருந்தை விழுங்கவைக்கும் முறைக்கு வித்து விழுந்த இடங்களில் சென்னையும் ஒன்று. மருந்து நிறுவனம் தன் வேலையை முடித்த பிறகும் நோயாளியின் கைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. உன் துறை அந்தத் தூரத்தைப் பற்றியது.

உன் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். ஹோவர்ட் லெவந்தால் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் இரத்த அழுத்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்தார்கள். அழுத்தம் ஏறுவதை மனிதர்களால் உணர முடியாது என்று டாக்டர் சொன்னதைப் பலர் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் தங்கள் அழுத்தம் ஏறுவது மட்டும் தங்களுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். தலைவலி, முகச்சூடு, படபடப்பு என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள், மாத்திரையையும் அந்த அடையாளத்தை நம்பித்தான் எடுத்தார்கள். இது என்ன நோய், எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், என்ன செய்யும், கட்டுக்குள் வருமா என்ற ஐந்து கேள்விகளுக்கும் நோயாளி தனக்குள் ஒரு பதில் வைத்திருக்கிறார் என்பது லெவந்தால் சொன்னது. உன் அப்பாவின் பதிலில் சர்க்கரை என்பது வந்து போகிற நோய். நாம் அதை நிரந்தர நோய் என்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே யாரும் உட்கார்ந்து அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள். ‘மாத்திரையை ஒழுங்காப் போடுங்க’ என்பது பேச்சில் சேராது.

வார்டு அக்கா எழுதியது:

பாடவேளை மேடம் சொன்னது அத்தனையும் நான் தினம் பார்ப்பது. புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உளவியல் படித்த ஒரு ஆள் வார்டில் என்ன செய்வார் என்று தங்கச்சிக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கீமோ நான்கு, ஐந்து முறை ஏறியவர்களில் சிலருக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததுமே குமட்டல் வரும். மருந்து இன்னும் ஏறியிருக்காது. ஸ்பிரிட் வாசனை, டிரிப் ஸ்டாண்டு, ஏன், என் யூனிஃபார்மைப் பார்த்தே ஒரு அம்மா வாந்தி எடுத்திருக்கிறார். மணியடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறியது என்று கல்லூரியில் பாவ்லோவ் பாடத்தில் படிப்பீர்களே, அது இங்கே படுக்கையில் நடக்கிறது. வாந்தி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கற்பனையில் வேறு இடத்துக்குக் கூட்டிப்போவது போன்றவற்றை உளவியலாளர் கற்றுக்கொடுத்த பிறகு சிலர் அடுத்த கீமோவுக்கு நிமிர்ந்து வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், வீட்டுக்காரர்கள் மறைப்பது. நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, ‘சிஸ்டர், அவங்ககிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க, கட்டின்னு சொல்லுங்க’ என்பார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு முடி கொட்டுகிறது, பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் எல்லாவற்றையும் பேசுகிறார், போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை வீட்டுக்காரர்களிடம் அவர் மறைக்கிறார். ஒரே அறையில் எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு, யாரும் யாரிடமும் அழ முடியாமல் இருப்பார்கள். டாக்டருக்கு ஓ.பி.யில் அறுபது பேர் காத்திருப்பார்கள், அவரால் இதை அவிழ்க்க முடியாது. குடும்பத்தைத் தனியாக உட்காரவைத்து, ‘சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?’ என்று கேட்டு, நோயாளியிடம் ‘எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு, இரண்டையும் சேர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்று சைக்கோ-ஆன்காலஜி (புற்றுநோயாளிகளுக்கான உளவியல்) துறையே இருக்கிறது. எல்லா மாவட்டத்திலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. தங்கச்சி, தயங்காமல் படி.

தெற்குவாசல் எழுதியது:

அக்கா எழுதியதில் ஒரு வரிகூட மறுப்பதற்கில்லை. ஆனால் ‘தயங்காமல் படி’ என்று சொல்வதற்கு முன் உரிமம் பற்றிப் பேசிவிட வேண்டும். நான் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கழகம்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மதுரை.

இந்தியாவில் உளவியலில் சட்டப்படி உரிமம் இருப்பது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு. 1992-ன் மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று தெளிவாக வரையறுத்திருக்கிறது. எம்.எஸ்சி. ஹெல்த் சைக்காலஜி முடித்தவர் அந்த வரையறைக்குள் வர மாட்டார். இரண்டு வருடம் முழுநேரம், மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி பெற்ற எம்.ஃபில். வேண்டும் என்பதுதான் வழக்கமாக இருந்த பாதை.

அந்தப் பாதையும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. 2022-ல் நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. அதற்குப் பதிலாக ஆர்.சி.ஐ. சை.டி. (உளவியலில் தொழில்முறை முனைவர் பட்டம்) போன்ற வேறு படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் பெயரைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. கல்லூரி அலுவலகத்தில் ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்’ என்பார்கள். அதை நம்பிச் சேர்ந்து, படிப்பை முடித்துவிட்டுப் பதிவு கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் என்னிடம் வழி கேட்டு வருகிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு தகவல், வரலாறு என்பதால் சொல்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸின் முந்தைய வடிவமான அகில இந்திய மனநல நிறுவனம் 1950-களில் தொடங்கிய பயிற்சிப் படிப்பின் பெயரே மெடிக்கல் சைக்காலஜி டிப்ளமோதான். அதுதான் வளர்ந்து மெடிக்கல் அண்ட் சோஷியல் சைக்காலஜி எம்.ஃபில். ஆகி, பின்னர் கிளினிக்கல் சைக்காலஜி என்று ஆனது. அதனால் உடல்நோயாளிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் கிளினிக்கல் பாதையில் போனாலும் அங்கே போய்ச் சேரலாம். என் பயிற்சிக் காலத்தில் நரம்பியல் வார்டிலும் வலி சிகிச்சைப் பிரிவிலும் நிறைய நேரம் இருந்திருக்கிறேன்.

கச்சிபௌலி எழுதியது:

தெற்குவாசல் அண்ணன் சொன்ன சட்ட விவரம் சரி. ஆனால் இதைப் படிக்கிற பெண் ‘அப்போ ஹெல்த் சைக்காலஜி வீண்’ என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். இந்தியாவில் உடல்நல உளவியலுக்கென்றே தனி மையம் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருபவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யும் அங்கே உண்டு. வலி, நாள்பட்ட நோய், மன அழுத்தம் உடலில் என்ன செய்கிறது, நடத்தையை மாற்றுவது எப்படி என்று படிப்பு முழுக்க உடலும் மனமும் சேர்ந்தேதான் வரும். பொது எம்.எஸ்சி. உளவியலில் ஒரு பருவத்தில் ஒரு தாளாக முடிந்துவிடுகிற விஷயம் இது.

கிளினிக்கல் படித்தவர்களுக்கு மனநோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் அருமையான பயிற்சி கிடைக்கிறது. ஆனால் மனநோயே இல்லாத, மூளையும் மனதும் தெளிவாக இருக்கிற, மாத்திரை மட்டும் போடாத கமலியின் அப்பாவைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவரை மனநோய் அளவுகோல்களால் அளந்தால் எல்லாம் நார்மல் என்று வரும். அவரிடம் பேச வேண்டிய முறை வேறு. பில் மில்லரும் ஸ்டீவன் ரோல்னிக்கும் வளர்த்த மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற உரையாடல் முறையை நாங்கள் மாதக்கணக்கில் பழகினோம். அறிவுரை சொல்லாமல், அவர் வாயிலிருந்தே ‘மாற வேண்டும்’ என்பதற்கான காரணத்தை வரவழைப்பது. கேட்கச் சுலபம். நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் அறிவுரை சொல்லாமல் பத்து நிமிடம் பேசுவது பெரும் கஷ்டம்.

வேலை பற்றி: அரசு மருத்துவமனைகளில் இருக்கும் ‘நம்பிக்கை மையம்’ பார்த்திருப்பாய். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கொடுக்கிற இடம். அங்கே இருப்பவர்களில் உளவியல், சமூகப்பணி படித்தவர்கள் நிறைய. புகையிலையை நிறுத்த உதவும் மையங்கள், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு, தொற்றாநோய் ஆய்வுத் திட்டங்கள் என்று இன்னும் இடம் உண்டு. ஒப்பந்த வேலைதான் அதிகம், சம்பளம் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2021-ல் வந்த இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்வல்லுநர் சட்டம் நடத்தை நல அறிவியல் என்று ஒரு பிரிவையே வைத்து, ஆர்.சி.ஐ. கீழ் வராத உளவியலாளர்களையும் சேர்த்திருக்கிறது. பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு சட்ட முகவரி கிடைக்கும். அதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

தெற்குவாசல் எழுதியது:

கச்சிபௌலி, உங்கள் வேலையின் மதிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலை வேறு. உங்கள் நோயாளி ஒருவர் பேச்சுக்கு நடுவே ‘மாத்திரை எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்’ என்று சொன்னால்? சர்க்கரை நோயோடும் டயாலிசிஸோடும் வாழ்கிறவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்ததுதானே. அந்த நேரத்தில் கையில் பயிற்சி இருக்க வேண்டும்.

கச்சிபௌலி எழுதியது:

அண்ணா, நியாயமான கேள்வி. மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 போன்ற கேள்வித்தாளில் தற்கொலை எண்ணம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, எங்களில் எல்லோரும் அதைக் கேட்டே ஆக வேண்டும். ‘ஆம்’ என்று வந்தால் அந்த ஆளைத் தனியாக விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேர்ப்பது எங்கள் வேலை. சிகிச்சையை நாங்களே எடுத்துச் செய்வதில்லை. எது வரைக்கும் என் எல்லை என்று சொல்லிக்கொடுக்காத படிப்பு நல்ல படிப்பில்லை என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். யாராவது இதைப் படித்துக்கொண்டே சோர்ந்திருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

பொருநை மருத்துவர் எழுதியது:

பொது மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. உளவியலாளர்கள் எங்களோடு வார்டில் வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆனால் உடலைப் படித்துவிட்டு வாருங்கள். ஹெச்.பி.ஏ1சி என்றால் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று தெரியாமல் சர்க்கரை நோயாளியோடு இலக்கு பேச முடியாது. இன்சுலின் போட்டவருக்குச் சர்க்கரை இறங்கினால் வரும் நடுக்கமும் வியர்வையும் பதற்ற நோய் போலவே இருக்கும். அதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் ஆபத்து. எந்தப் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலும் நோய்க்குறியியலும் கொஞ்சமாவது சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்துச் சேருங்கள்.

அடுத்தது, நேர்மறை எண்ணம். ‘மனசு வைத்தால் கேன்சரை ஜெயிக்கலாம்’ என்று நோயாளியிடம் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத விஷயம். 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலின் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை எடுத்துக்கொண்ட ஆய்வு. வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசியவர்கள், பேசாதவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றது. உலகமே கொண்டாடியது. 2001-ல் கனடாவில் இன்னும் பெரிய அளவில், 235 பெண்களோடு அதே முறையைச் செய்து பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே திரும்பச் செய்த ஆய்விலும் மொத்தத்தில் அந்தப் பலன் வரவில்லை. ஆனால் கனடா ஆய்வில் அந்தப் பெண்களின் மனவேதனை குறைந்தது, வலியும் அவ்வளவாகப் படுத்தவில்லை. அது போதாதா? எனக்கு அதுவே பெரிய பலனாகத் தெரிகிறது. ஆயுளைக் கூட்டுவேன் என்று பொய் சொல்லாமல் இந்தப் பலனைக் கொடுங்கள். நோய் முற்றியவரைப் பார்த்து ‘நீ மனசு வைக்கல’ என்ற பழியை ஏற்றிவிடாதீர்கள். புள்ளியியல் தடையாகுமா என்று அந்தப் பிள்ளை கேட்டது. தடையோ இல்லையோ, அதைக் கற்றே ஆக வேண்டும். இதற்குத்தான். முதல் ஆய்வோடு நின்றுவிட்டால் ஆயிரக்கணக்கான பேருக்குத் தவறான நம்பிக்கையைக் கொடுத்திருப்போம்.

லெய்டன் மாணவன் எழுதியது:

வெளிநாடு பற்றிக் கேட்டதற்கு என் பங்கு. நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் முதுகலைக்குள் ஹெல்த் அண்ட் மெடிக்கல் சைக்காலஜி ஒரு சிறப்புப் பிரிவு, படிப்பு ஒரு வருடம். டில்பர்க் பல்கலைக்கழகத்தில் மெடிக்கல் சைக்காலஜிக்குத் தனி முதுகலையே உண்டு, அது இரண்டு வருடம். பாடத்தில் பிடித்தது எதுவென்றால், ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதற்கான உளவியல் தலையீட்டைக் காகிதத்தில் ஆரம்பித்துச் சோதனை வரைக்கும் நாமே வடிவமைக்க வேண்டும். ‘விழிப்புணர்வு முகாம் நடத்துவேன்’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த நம்பிக்கையை மாற்றுகிறாய், எந்த முறையால், மாறியது என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்க உதவும்.

ஆனால் வேலைக்காக மட்டும் வராதீர்கள். இங்கே சட்டப்படி பதிவு பெற்ற நலவாழ்வு உளவியலாளர் ஆக, முதுகலைக்குப் பிறகும் இரண்டு வருடப் பயிற்சி உண்டு. அந்த இடத்துக்குப் போட்டி கடுமை, எல்லாம் டச்சு மொழியில். நோயாளியோடு பேசும் வேலையாயிற்றே, மொழி இல்லாமல் எப்படி? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணமும் பல மடங்கு.

பிரிட்டனில் ‘ஹெல்த் சைக்காலஜிஸ்ட்’ என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டப்பெயர், நலவாழ்வுத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவில்லாமல் யாரும் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு வருட எம்.எஸ்சி. அதில் முதல் படி மட்டும்தான். அதன்பின் மேற்பார்வையில் குறைந்தது இரண்டு வருடம் பயிற்சி அல்லது முனைவர் பட்டம். இந்தியப் பி.எஸ்சி.யை பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அடிப்படைத் தகுதியாக ஏற்கிறதா என்று முதலில் விண்ணப்பித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் சார் எழுதியதைப் படித்த பிறகு புள்ளியியல் மேலிருந்த பயம் போய், கற்றே ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறது. லெய்டன் அண்ணா, வெளிநாட்டை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன், வீட்டில் அந்த வசதி இல்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். என் தோழி வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கலாம் என்கிறாள், சரியாக வருமா? அப்புறம், ஒரு கல்லூரி நல்லதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? இணையதளத்தில் எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

பாடவேளை எழுதியது:

தொலைநிலை பற்றி: 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் உட்பட நலவாழ்வு சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. தோழியிடம் இப்போதே சொல்லிவிடு. எனக்கு இதில் பாதி மகிழ்ச்சி, பாதி வருத்தம். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இந்தத் துறையைக் கற்க முடியாது என்பது உண்மை. ஆனால் குழந்தைகளை வைத்துக்கொண்டும் வேலைக்குப் போய்க்கொண்டும் உளவியல் படித்த எத்தனையோ பெண்களுக்கு அது ஒன்றுதான் கதவாக இருந்தது.

கல்லூரியைப் பற்றி இணையதளத்தில் தேடாதே. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் யாரையாவது பிடி. ‘எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், எத்தனை வாரம், அங்கே என்ன செய்ய விட்டார்கள்?’ என்று கேள். ‘அப்சர்வேஷன்’ என்று மட்டும் சொன்னால் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நோயாளியிடம் தனியாகப் பேசி, குறிப்பெழுதி, அதை மேற்பார்வையாளர் வரிவரியாகத் திருத்தினார் என்று சொன்னால் அந்தக் கல்லூரியைக் கவனி. உன்னைப் போன்ற பிள்ளைகளைச் சிறப்பாக்குவது அந்தத் திருத்தம்தான். அங்கே ஆசிரியர்களில் யாராவது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து ஆய்வு செய்கிறார்களா என்றும் பார்.

பெயரில் ஹெல்த் சைக்காலஜி இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஹைதராபாத்துக்கு முயற்சி செய். கிடைக்காவிட்டால் மருத்துவமனையோடு நல்ல தொடர்புள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. உளவியல் படி, ஆய்வேட்டை உடல்நோய் சார்ந்து செய். அதன்பிறகு உரிமம் வேண்டும் என்று தோன்றினால் தெற்குவாசல் சொன்ன பாதைக்குப் போகலாம். அதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள், இப்போதே மனதில் வைத்துக்கொள். இரண்டு பாதையையும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றால் எம்.எஸ்சி. சான்றிதழில் பாடப்பெயர் உளவியல் என்று தெளிவாக இருப்பது நல்லது.

தெற்குவாசல் எழுதியது:

மேடம் சொன்ன கடைசி விஷயத்தை வழிமொழிகிறேன். ‘ஹோலிஸ்டிக் வெல்னெஸ்’ மாதிரி பெயரில் வரும் புதுப் பட்டங்களில் சேர்ந்துவிட்டு, மேற்படிப்புக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்களை நேர்முகத் தேர்வுகளில் பார்க்கிறேன்.

வார்டு அக்கா எழுதியது:

எந்தப் பல்கலைக்கழகம் என்றாலும் சரி, ஒரு விடுமுறையில் டயாலிசிஸ் பிரிவில் முறைப்படி அனுமதி வாங்கித் தன்னார்வலராக இரு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவர்கள் அந்தப் படுக்கையிலேயே இருக்க வேண்டும். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம். சித்திரை வெயிலில் அது எவ்வளவு கொடுமை என்று அவர்கள் சொல்லக் கேட்டால், ‘கட்டுப்பாடாக இருங்கள்’ என்று ஒரு நாளும் சொல்ல வராது.

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, கல்லூரி மூலம் கடிதம் கொடுத்துக் கேட்கப் போகிறேன். பாடவேளை மேடம், இறுதியாண்டுச் சிறு ஆய்வுக்கு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் நோயைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை எடுத்துக்கொள்ளலாமா? லெவந்தாலின் ஐந்து கேள்விகளை வைத்து ஆங்கிலத்தில் கேள்வித்தாள் இருக்கிறது. அதை நானே தமிழில் எழுதிக் கேட்டுவிடலாமா?

பாடவேளை எழுதியது:

தலைப்பு நல்லது, எடுத்துக்கொள். ஆனால் கேள்வித்தாளை நீயே எழுதிக் கேட்டுவிட்டால் அந்த எண்களை யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் தமிழில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறதா என்று தேடு, இருந்தால் அதை உருவாக்கியவர்களிடம் அனுமதி கேள். இல்லையென்றால் ஒருவர் தமிழாக்க, அதைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்து, எந்த வரியில் தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இளங்கலை ஆய்வுக்கு உள்ள நேரத்தில் இது முடியாது. அதனால் எண்களை விட்டுவிட்டு, எட்டு அல்லது பத்துப் பேரோடு விரிவாகப் பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே பதிவு செய்யும் பண்புசார் ஆய்வாகச் செய். ‘உங்களுக்கு பிரஷர் ஏறினால் எப்படித் தெரியும்?’ என்று ஆரம்பி.

மருத்துவமனையில் வைத்துச் செய்தால் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம் வேண்டும், அது கூடுவதற்கே பல வாரம் ஆகலாம். ஆகவே முன்மொழிவை இந்த மாதமே எழுதிவிடு. உன் சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்காதே. எழுதியதும் இங்கேயே போடு, கச்சிபௌலியும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.

கச்சிபௌலி எழுதியது:

கண்டிப்பாகப் பார்க்கிறேன். தகவலறிந்த ஒப்புதல் படிவத்தின் தமிழ் மாதிரி ஒன்று எங்கள் பழைய திட்டத்திலிருந்து இருக்கிறது, பெயர்களை நீக்கிவிட்டு உனக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அதில் ‘எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது’ என்ற வரியை மட்டும் படித்துக் காட்டுவதோடு விடாதே, நிறுத்தி விளக்கிச் சொல். அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.